தனி டம்ளரும் சேரன்மாதேவி குருகுலமும்



போன தடவை எங்கள் அயனம்பாக்கம் ஏரியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வரலாறு. கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி. தலைப்பு 'தார்மீகத் துணிச்சல்'. பகத்சிங், மண்டேலா என்று நாலு பெரிய பெயர்களைப் போட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அன்றைக்கு வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அம்மா வானகரம் வரை போயிருந்தார். பாத்திரம் தேய்க்கிற அக்கா வந்தார். பிளாஸ்கில் காபி இருந்தது. என் தம்பி ஐந்தாம் வகுப்பு. "அக்கா, இருங்க, நான் காபி தர்றேன்" என்று ஓடினான். பரவாயில்லையே, பொறுப்பு வந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை அலமாரியில் பத்துப் பன்னிரண்டு டம்ளர் வரிசையாக இருந்தன. அவன் அதைத் தொடவே இல்லை. பின்பக்க ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த நசுங்கிப்போன எவர்சில்வர் டம்ளரை எடுத்தான், கழுவினான், அதில் காபியை ஊற்றிக் கொடுத்தான்.

அக்கா போன பிறகு கேட்டேன்.

"ஏன்டா அந்த டம்ளர்ல குடுத்தே?"

"அது அக்கா டம்ளர்."

"யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

அந்த "எனக்கே தெரியும்" என்னை என்னவோ செய்துவிட்டது. உண்மைதான், எங்கள் வீட்டில் யாரும் அவனை உட்கார வைத்து இன்னாருக்கு இந்த டம்ளர் என்று பாடம் நடத்தவில்லை. பத்து வருஷம் பார்த்தான், கற்றுக்கொண்டான். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருப்பேன். இத்தனை நாள் அந்த டம்ளர் என் கண்ணில் படவே இல்லையே!

அப்போதுதான் எங்கேயோ படித்த சேரன்மாதேவி குருகுலம் ஞாபகத்துக்கு வந்தது. தேடிப் படித்தேன். கட்டுரைப் போட்டிக்கு எழுதியதை விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான்.

போலீஸை ஏமாற்றியவர்

வ.வே.சு. ஐயர். 1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சிக்காரர் ஆகிவிட்டார். பாரிஸ்டர் பட்டம் வாங்க வேண்டுமானால் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லி அத்தனை வருஷப் படிப்பின் பலனை விட்டார். போலீஸ் தேடியபோது மாறுவேடத்தில் தப்பித்து, 1910-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே பாரதியாரும் அரவிந்தரும் இருந்தார்கள். சுமார் பத்து வருஷம் அங்கேயே இருந்தார். பிறகு சென்னைக்கு வந்து 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தி, அதற்காக ஜெயிலுக்கும் போனார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தமிழின் ஆரம்பகாலச் சிறுகதைகளில் ஒன்றான 'குளத்தங்கரை அரசமரம்' இவர் எழுதியதுதான்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இவர் கோழை இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிருக்குப் பயப்படாதவர், சொத்துக்கு ஆசைப்படாதவர்.

1922-ல் ஐயர் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம். பிள்ளைகளை வெள்ளைக்காரனுக்கு குமாஸ்தா ஆக்காமல் நாட்டுக்கு உழைக்கிறவர்களாக வளர்க்க வேண்டும் என்பது நோக்கம். படிப்போடு உடற்பயிற்சி, கைத்தொழில் எல்லாம் உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஊர் ஊராகப் போய் பணம் திரட்டினார்கள், கடல் கடந்து மலாயாவில் இருந்த தமிழர்களும் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. 1920-களில் 5,000 ரூபாய் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிள்ளைகள்

குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று அவர்களைப் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டார்களாம். ஐயரும் சம்மதித்திருந்தார். வேற்றுமை சாப்பாட்டோடு நிற்கவில்லை என்று குற்றம் சாட்டியவர்கள் சொன்னார்கள். ஐயர் தரப்போ அந்த இரண்டு பிள்ளைகள் விஷயம் மட்டும்தான், அதுவும் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றது.

விஷயம் எப்படி வெளியே வந்தது? பெரியார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தபோது, அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வந்து சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு பையன்! பெரிய பெரிய தலைவர்கள் வந்து பார்த்துப் பாராட்டுகிற பள்ளிக்கூடம், தலைமை ஆசிரியரோ நாடே மதிக்கிற தியாகி. அவரைப் பற்றி வெளியே போய் "அங்கே எங்களைத் தனியாக உட்கார வைக்கிறார்கள்" என்று சொல்வதற்கு ஒரு பையனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

பையன் சொன்னதோடு முடியவில்லை, பெரியவர்கள் அதைக் காதில் வாங்கினார்கள். "படிக்கப் போன இடத்தில் சாப்பாட்டைப் பற்றி என்னடா பேச்சு?" என்று யாராவது ஒருவர் அதட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். கமிட்டியில் பெரியார் மீதிப் பணத்தைக் கொடுக்க மறுத்தார். இவர்கள் எல்லாரும் ஐயருக்கு எதிரிகள் இல்லை, ஒரே கட்சிக்காரர்கள், ஒன்றாக மேடையில் உட்கார்ந்தவர்கள்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 1924-ல்தான் வைக்கம் போராட்டம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் திருவாங்கூருக்குப் போய் ஜெயிலுக்குப் போனார்கள். பெரியாரே இரண்டு முறை சிறைப்பட்டார். அடுத்த ஊர்த் தெருவுக்காக ஜெயிலுக்குப் போகிற கட்சி, தன் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

1925 மார்ச்சில் காந்தி வந்தபோது அவரிடமும் பஞ்சாயத்து போனது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பதால் அந்த இரண்டு பேர் தனியாகச் சாப்பிடட்டும், இனிமேல் அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்பது மாதிரி ஒரு சமரசம் சொன்னார். இது பலருக்கு ஒப்பவில்லை. அடுத்த மாதம் எஸ். ராமநாதன் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்ப்பதை தேசிய வேலையில் இருக்கிற எந்த நிறுவனமும் கைக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜி உள்பட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அந்த வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். பெரியார் வெளியேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் தமிழ்நாட்டு அரசியல் திரும்பிய பாதையில் அந்தச் சாப்பாட்டு அறையும் ஒரு முக்கியமான வளைவு.

ஐயருக்கு ஏன் முடியவில்லை?

எனக்கு இதில் ரொம்ப நாளாகப் புரியாத விஷயம் ஐயர்தான். அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கிற ஆசாரக்காரர் இல்லை. தன் மட்டில் இதை எல்லாம் தாண்டி வந்தவர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கே "மாட்டேன்" சொன்னவருக்கு இரண்டு பெற்றோரிடம் "அப்படியானால் உங்கள் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேருங்கள்" என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். எதிரியிடம் காட்டும் துணிச்சல் வேறு, வேண்டியவர்களிடம் காட்டும் துணிச்சல் வேறு. எதிரியை எதிர்த்தால் நம் ஆட்கள் கைதட்டுவார்கள், ஜெயிலிலிருந்து வரும்போது மாலை போடுவார்கள். வேண்டியவர்களை எதிர்த்தால் மாலை கிடையாது. முகம் சுளிப்பார்கள், "இதைப் போய்ப் பெரிசு பண்றியே" என்பார்கள், உறவு கெட்டுப்போகும். அவர்கள் கெட்டவர்கள் கூட இல்லை, நம்மேல் பிரியமாக இருப்பவர்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று நாம் ஒதுங்குகிறோம். ஒதுங்குவது நமக்கே கோழைத்தனமாகத் தெரியாது, மரியாதை என்றுதான் தோன்றும். தார்மீகத் துணிச்சல் என்கிறார்களே, அது இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

ஐயரின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1925 ஜூனில் குருகுல மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குப் போயிருந்தார். நீரோட்டத்தைத் தாண்டும்போது அவர் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்தார். இருவரும் போய்விட்டார்கள். அவருக்கு 44 வயது. ஒரு நொடிகூட யோசிக்காமல் தண்ணீரில் குதித்த அதே மனிதர்தான் சாப்பாட்டு அறையில் மூன்று வருஷம் தயங்கினார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவ்வளவு பெரிய வீரருக்கே முடியவில்லை என்றால் அது எவ்வளவு கஷ்டம் என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்?

குருகுலத்தில் அந்தப் பிள்ளைகளுக்குத் தேசபக்தி சொல்லிக் கொடுத்திருப்பார்கள், எல்லோரும் ஓர் தாய் மக்கள் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் தினமும் சாப்பாட்டு வேளையில் வேறொரு பாடம் நடந்தது. அதற்குப் புத்தகம் கிடையாது, வாத்தியார் கிடையாது. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான் பாடம். தனியாகச் சாப்பிட்ட அந்த இரண்டு பிள்ளைகளும் பாவம்தான். மற்றவர்களைவிட நாம் உசத்தி என்று அவர்களும் தினம் கற்றுக்கொண்டார்கள், அவர்கள் கேட்காமலேயே.

சைக்காலஜி படிக்கிற நண்பர்களுக்கு ஆல்பர்ட் பண்டூரா தெரிந்திருக்கும். 1961-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 72 சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அந்தப் பொம்மை இருந்த அறையில் அவர்களை விட்டபோது, அப்படிப் பார்க்காத குழந்தைகளைவிட இவர்கள் அதிகமாக அடித்தார்கள். அந்தப் பெரியவர் அடித்த மாதிரியே அடித்தவர்களும் உண்டு. அடி என்று யாரும் சொல்லவில்லை. "எனக்கே தெரியும்" கதைதான்!

கெட்டது இப்படி ஒட்டிக்கொள்கிறது என்றால் நல்லதும் ஒட்டிக்கொள்ளத்தானே வேண்டும்? சாமுவேல் ஒலினர் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர். போலந்தில் யூதச் சிறுவனாக இருந்தபோது நாஜிகளிடமிருந்து ஒரு கிறிஸ்தவப் பெண்மணியால் காப்பாற்றப்பட்டவர். அவரும் அவர் மனைவி பேர்லும் சேர்ந்து, அந்தக் காலத்தில் யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய 400-க்கும் மேற்பட்ட ஆட்களைப் பேட்டி கண்டு 1988-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். காப்பாற்றியவர்கள் பலர் தங்கள் அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னதில் ஒரு ஒற்றுமை இருந்தது. பெற்றோர் அடித்து வளர்த்தது குறைவு, ஏன் எதற்கு என்று விளக்கிச் சொன்னது அதிகம். தங்களைப் போல இல்லாதவர்களையும் மனிதர்களாக நடத்தியதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார் அ. வைத்தியநாத ஐயர். அவரை எதிர்த்தவர்களில் அவர் சொந்தச் சாதிக்காரர்களே நிறைய. வ.வே.சு. ஐயரால் முடியாததை, தன் ஆட்களிடம் "மாட்டேன்" சொல்வதை, இவர் செய்தார். அன்று உள்ளே நுழைந்தவர்களில் ஒருவர் கக்கன். வைத்தியநாத ஐயர் வீட்டில் ஒரு மகனைப் போல இருந்தவர். 1955-ல் ஐயர் இறந்தபோது பெற்ற பிள்ளைகளோடு கக்கனும் நின்று மகன் செய்யும் கடன்களைச் செய்தார் என்று சொல்கிறார்கள். அந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குச் சமத்துவத்தைப் பற்றித் தனியாக வகுப்பு தேவைப்பட்டிருக்காது.

சேரன்மாதேவிப் பையனின் அப்பா என்ன ஆனார்? ஓமந்தூரார் 1947-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அவர் ஆட்சியில்தான் மாகாணம் முழுக்கக் கோயில்களை எல்லோருக்கும் திறக்கும் சட்டம் வந்தது, பெண்களைத் தேவதாசி ஆக்குவதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. மகன் சொன்னதால்தான் இதெல்லாம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளிடமிருந்தும் பெரியவர்கள் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வதில் தப்பில்லையே.

திரும்பவும் எங்கள் வீடு

இதை எல்லாம் படித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"ஏம்மா நம்ம வீட்ல அக்காவுக்குத் தனி டம்ளர்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஆயாதான் ஆரம்பத்துலேர்ந்து அப்படி வச்சிருக்காங்க. அவங்க மனசு கஷ்டப்படும்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது வ.வே.சு. ஐயர் சொன்ன அதே பதில்! தனக்கு நம்பிக்கை இல்லை, பெரியவர்களுக்காக, அவர்கள் மனம் நோகக் கூடாது என்று.

இதில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அந்த இரண்டு பிள்ளைகளின் சாதி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் தாத்தா கிராமத்தில் இருந்தவர். சின்ன வயசில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டபோது சொம்பைக் கையில் தராமல் தூக்கி ஊற்றினார்கள், இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தேன் என்று கோபமாகச் சொல்வார். ஐம்பது அறுபது வருஷம் ஆகியும் அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை. அதே தாத்தா இருக்கிற வீட்டு ஜன்னலில்தான் அந்த நசுங்கிய டம்ளர் இருந்தது. சேரன்மாதேவியைப் படித்துவிட்டு யாரோ ஒரு சாதியைத் திட்டிவிட்டுத் தூங்கப் போவது சுலபம். நமக்குக் கீழே ஒரு டம்ளர் வைத்திருக்கிறோமா என்று பார்ப்பதுதான் கஷ்டம்.

மறுநாள் அக்காவுக்கு நான் காபி போட்டேன், அலமாரியிலிருந்த டம்ளரில். நான் எதிர்பார்க்காதது, அக்காவே வாங்கத் தயங்கினார். "என் டம்ளர் எங்க தம்பி? ஆயா பார்த்தா எதனா சொல்லப் போறாங்க" என்றார். ஆயா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. சின்ன வயசிலிருந்து எனக்குச் சோறு ஊட்டிய ஆயா. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு டம்ளருக்கே இப்படி என்றால், கட்சியையும் சிநேகிதர்களையும் பகைத்துக்கொண்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

சாயங்காலம் தாத்தாவிடம் போய் அந்தச் சொம்புக் கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆயாவிடம் அவர் என்ன பேசினாரோ தெரியாது. இரண்டு நாள் கழித்து அந்த டம்ளர் ஜன்னலில் இல்லை. அம்மா அதை அரிசி அளக்கப் போட்டுவிட்டார்.

பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. அக்கா இன்னும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறார். "நாற்காலியில உட்காருங்க" என்றால், "இருக்கட்டும்பா, இதான் எனக்குச் சௌகரியம்" என்கிறார். அது உண்மையிலேயே சௌகரியமா, பழக்கமா, எங்கள் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லையா, எனக்குத் தெரியவில்லை. ஆயாவும் இப்போது என்னோடு பேசுகிறார், ஆனால் டம்ளரைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

போன வாரம் தம்பி மறுபடியும் அக்காவுக்குக் காபி கொடுத்தான். அலமாரிக்குப் போனான், கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்தான், ஊற்றினான், கொடுத்தான், விளையாடப் போய்விட்டான். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

கட்டுரைப் போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. தலைப்பை விட்டு விலகிவிட்டதாம்!

உங்கள் வீட்டு ஜன்னலில் ஏதாவது டம்ளர் கவிழ்ந்திருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.